புதன் கிரகமும் பாதரசமும்: கொடைக்கானலிலிருந்து ஓர் எளிய விளக்கம்

கொடைக்கானலில் மெர்க்குரி என்ற சொல்லை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஏரிக்கரையில் சோளக்கதிர் சுடும் அக்காவுக்கும் தெரியும், பூம்பாறைக்கு ஜீப் ஓட்டும் அண்ணனுக்கும் தெரியும். இங்கே இருந்த பாதரசத் தெர்மாமீட்டர் ஃபேக்டரி மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பேச்சு அடங்கவில்லை. அடங்கவும் கூடாது. ஆனால் பேசுகிற அளவுக்கு விஷயம் புரிந்திருக்கிறதா என்றால், இல்லை. "தொட்டாலே ஆள் காலி" என்பார் ஒருவர். அவருக்குப் பக்கத்திலேயே இன்னொருவர், "சின்ன வயசுல உள்ளங்கையில வச்சு உருட்டி விளையாடியிருக்கோம், எங்களுக்கு என்ன ஆச்சு?" என்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வேறொரு குழப்பம். ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் கிரகத்துக்கும் உலோகத்துக்கும் ஒரே பெயர். அதனால், "மெர்க்குரி கிரகத்துல மெர்க்குரி ஆறு ஓடுமா மிஸ்?" என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடிப் போனால் எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன: காற்று. புதன் கிரகம் பகலில் எரிந்தும் இரவில் உறைந்தும் கிடப்பதற்குக் காரணம், அங்கே காற்று இல்லாதது. பாதரசம் மனிதனைக் கெடுக்கும் முக்கிய வழி, அது காற்றில் கலப்பது. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை.

பெயர் மட்டும்தான் ஒன்று

வானத்தில் விறுவிறுவென்று இடம் மாறும் கிரகத்துக்கு ரோமானியர்கள் தங்கள் தூதுக் கடவுளின் பெயரை வைத்தார்கள். பழைய ரசவாதிகள் ஏழு உலோகங்களை ஏழு கோள்களோடு ஜோடி சேர்த்தபோது, ஓரிடத்தில் நிற்காத உலோகம் அந்தக் கிரகத்தின் பங்குக்கு வந்தது. அவ்வளவுதான் உறவு. கிரகம் பாறையாலும் இரும்பாலும் ஆனது.

பிள்ளைகளின் கேள்விக்கு நேரான பதில் எண்களிலேயே இருக்கிறது. பாதரசம் மைனஸ் 38.8 டிகிரி செல்சியஸில் உறையும், 357 டிகிரிக்குச் சற்று முன்னால் கொதிக்கும். புதன் கிரகத்தில் நடுப்பகல் வெப்பம் சுமார் 430 டிகிரி. இரவில் மைனஸ் 180. ஒரு குடம் பாதரசத்தை அங்கே கொட்டினால் பகலில் ஆவியாகிப் போகும், இரவில் கட்டியாகக் கிடக்கும். ஆறாக ஓடவே ஓடாது.

உறைபனி ராத்திரியும் புதனின் ராத்திரியும்

மேலே சொன்ன இரண்டு எண்களுக்கும் இடையில் 600 டிகிரி வித்தியாசம் இருக்கிறது. ஒரே இடத்தில் இவ்வளவு ஏற்ற இறக்கம் எப்படி வருகிறது? மலையில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்குவது சுலபம்.

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை ஏரிக்கரைப் புல்வெளியும் பாம்பார்புரமும் மன்னவனூர்ப் பக்கமும் விடியும்போது வெள்ளை விரித்துக் கிடக்கும். நீலகிரியில் தலைக்குந்தா, அவலாஞ்சிப் பக்கம் இன்னும் கடுமை. எந்த ராத்திரியில் உறைபனி விழும் என்று உருளைக்கிழங்கு போட்டவரைக் கேளுங்கள், வானத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். மேகம் மூடியிருந்தால் நிம்மதியாகப் படுக்கலாம். நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்து, காற்றும் அசையாமல் நின்றால், காலையில் இலை கருகியிருக்கும். அதனால்தான் வெயில் ஏறுமுன் எழுந்து ஸ்பிரிங்க்ளரைத் திறந்துவிட ஓடுகிறார்கள்.

பகலில் மண் வாங்கிய வெப்பம் இரவில் வானத்தை நோக்கித் திரும்பிப் போகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த வெப்பக் கதிருக்கு அகச்சிவப்புக் கதிர் என்று பெயர். மேகமும் காற்றிலுள்ள நீராவியும் அதில் பெரும்பகுதியை உறிஞ்சி, ஒரு பங்கை மறுபடியும் தரைக்கே அனுப்புகின்றன. குளிருக்குப் போர்த்தும் கம்பளி தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. நம் உடம்பின் சூட்டை வெளியே விடாமல் வைத்துக்கொள்கிறது. மேகத்தின் வேலையும் அதுதான். மேகம் இல்லாத ராத்திரியில் கம்பளி மெலிந்துவிடுகிறது, மண்ணின் சூடு வேகமாகப் போய்விடுகிறது, உறைபனி விழுகிறது.

ஆனால் மெலிகிறதே தவிர, கம்பளி இல்லாமல் போவதில்லை. எவ்வளவு தெளிந்த வானத்திலும் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் கொஞ்சம் இருக்கத்தான் செய்கின்றன. அதனால் எத்தனை மோசமான இரவிலும் கொடைக்கானலின் குளிர் சுழிய டிகிரியை ஒட்டியே நின்றுவிடுகிறது. கம்பளியை முழுசாக உருவிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நிலாவே சாட்சி. சூரியனிலிருந்து நமக்கு இருக்கும் அதே தூரம்தான் நிலாவுக்கும். ஆனால் அங்கே பகல் சுமார் 120 டிகிரி, இரவு மைனஸ் 130. வித்தியாசத்துக்குப் பெரிய காரணம், அங்கே காற்று மண்டலம் இல்லை.

புதனும் நிலாவைப் போல மொட்டைப் பாறைதான், ஆனால் சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது. அதன் சராசரித் தூரம் 5.79 கோடி கிலோமீட்டர். நமக்கு 15 கோடி. ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் வெயிலும் நம்மைவிட ஆறு மடங்குக்கு மேல். கிரகமோ சின்னது: குறுக்களவு 4,879 கிலோமீட்டர். ஈர்ப்பு குறைவு, வெயில் அதிகம், போதாததற்குச் சூரியனிலிருந்து பாயும் துகள்களின் அடி வேறு. காற்று மண்டலம் ஒன்று அங்கே நிலைத்து நிற்க வழியில்லை. சோடியம், ஆக்சிஜன், ஹைட்ரஜன், ஹீலியம் அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளக்கூட முடியாத அளவுக்கு அரிதாக மிதக்கின்றன. இதைப் புறக்கோளம் என்பார்கள். வெப்பத்தைப் பிடித்துவைக்க அதனால் ஆகாது.

பலரும் தவறாகச் சொல்லும் இன்னொரு விஷயமும் இங்கேயே தீர்ந்துவிடுகிறது. சூரியனுக்கு மிகப் பக்கத்தில் இருப்பதால் புதன்தான் மிகச் சூடான கிரகம் என்று விநாடி வினாவில்கூடச் சொல்லிவிடுகிறார்கள். மிகச் சூடான கிரகம் வெள்ளி. புதனைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரத்தில் இருந்தாலும், கனத்த கார்பன் டை ஆக்சைடு மண்டலம் சூட்டை வெளியே விடாததால் அங்கே பகலிலும் இரவிலும் சுமார் 465 டிகிரி.

இதுவரை பார்த்தது: ஒரு கிரகத்தின் வெப்பத்தைச் சூரியனின் தூரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. வந்த வெப்பத்தைக் காற்று எவ்வளவு நேரம் பிடித்துவைக்கிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. புதனில் பிடித்துவைக்க ஆளில்லை.

176 நாள் நீளும் ஒரு நாள்

புதன் சூரியனை 88 நாளில் சுற்றிவிடும். தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 58.6 நாள் ஆகும். இரண்டு முறை சூரியனைச் சுற்றுவதற்குள் மூன்று முறை தன்னைச் சுற்றுகிறது. இதன் விளைவாக, ஒரு விடியலிலிருந்து அடுத்த விடியல் வரை அங்கே நம் கணக்கில் 176 நாள். நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோலப் புதனும் சூரியனுக்கு ஒரே முகத்தைக் காட்டுகிறது என்றுதான் 1965 வரை நம்பினார்கள். அந்த வருஷம் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடார் அந்த நம்பிக்கையை மாற்றியது. பழைய புத்தகங்களில் இன்னும் அந்தத் தகவல் இருந்தால் அடித்துத் திருத்திக்கொள்ளலாம்.

இவ்வளவு வெயில் அடிக்கும் கிரகத்தில் பனிக்கட்டியும் இருக்கிறது. புதனின் அச்சு கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்பதால் துருவத்துப் பள்ளங்கள் சிலவற்றின் அடியில் சூரிய ஒளி எப்போதும் விழுவதில்லை. காற்று இல்லாததால் பக்கத்து வெயிலின் சூடு அங்கே பரவவும் முடியாது. 1991இல் ரேடாரில் அந்த இடங்கள் பளிச்சென்று தெரிந்தன. 2011 முதல் 2015 வரை புதனைச் சுற்றிய மெசஞ்சர் விண்கலம், அது நீர்ப்பனிதான் என்பதற்கான ஆதாரங்களை 2012இல் தந்தது.

அந்தக் கிரகத்துப் பள்ளங்களுக்குக் கலைஞர்களின், எழுத்தாளர்களின் பெயரைச் சூட்டுவது சர்வதேச வானியல் ஒன்றியத்தின் வழக்கம். தியாகராஜர் பெயரில் ஒரு பள்ளம் இருக்கிறது, காளிதாசன் பெயரிலும் ஒன்று. பாட்டு கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் முகம் மலர்கிறது.

புதனைப் பார்க்க முடியுமா?

'பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது' என்ற பழமொழியைக் கிழமைக்குத்தான் சொல்கிறோம். கிரகத்துக்கும் அது பொருந்தும். சூரியனை விட்டு 28 டிகிரிக்கு மேல் புதன் விலகுவதில்லை. ஆகவே நடு ராத்திரியில் உச்சியில் தேடிப் பயனில்லை. சில வாரங்களில் சூரியன் மறைந்த கொஞ்ச நேரம் மேற்கு அடிவானத்தை ஒட்டியும், வேறு சில வாரங்களில் சூரியன் உதிக்கும் முன் கிழக்கு அடிவானத்தை ஒட்டியும் தெரியும். பள்ளத்தாக்கை நோக்கித் திறந்த மலைவிளிம்பில் நிற்பவர்களுக்கு இதில் நல்ல வசதி. சமவெளியில் மரமும் கட்டடமும் மறைக்கும் இடம் நமக்குத் திறந்து கிடக்கிறது. சூரியன் மேலே இருக்கும்போது மட்டும் பைனாகுலரால் தேடாதீர்கள், கண் போய்விடும்.

சில வருஷங்களில் புதன் சூரியனுக்கு முன்னால் ஒரு கரும்புள்ளியாகக் கடந்துபோகும். அடுத்த கடப்பு 2032 நவம்பர் 13 அன்று, நம் நேரப்படி மதியம் தொடங்கி மாலை வரை. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1901 முதல் சூரியனைக் கவனித்து வருகிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்தது இங்கேதான். நவம்பர் மாதத்து மழை மேகம் விலகி வழிவிட்டால், 2032இல் இந்த ஊரிலிருந்து பார்க்க வேண்டிய காட்சி அது. உரிய வடிகட்டி பொருத்திய தொலைநோக்கி கட்டாயம் வேண்டும்.

இந்த உலோகம் மட்டும் ஏன் ஓடுகிறது?

இப்போது பாதரசம். அறை வெப்பத்தில் திரவமாக இருக்கும் ஒரே உலோகம் இதுதான். ஒரு லிட்டர் 13.5 கிலோ இருக்கும். தண்ணீர் பாட்டில் அளவு பாதரசத்தை ஒரு கையால் தூக்குவதற்குள் திணறிப்போவோம்.

உலோக அணுக்கள் தங்கள் வெளிப்புற எலெக்ட்ரான்களைப் பக்கத்து அணுக்களோடு பகிர்ந்துகொள்வதால்தான் இரும்பும் செம்பும் கெட்டியாக நிற்கின்றன. பாதரச அணுவின் மையத்தில் 80 புரோட்டான்கள் இருக்கின்றன. அவற்றின் இழுப்பில் உள்ளே சுற்றும் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் ஓடுகின்றன. அந்த வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்பியல் விளைவுகள் தலைகாட்டுகின்றன. அதனால் அணுவின் கடைசி இரண்டு எலெக்ட்ரான்களும் மையத்தை நோக்கி ஒடுங்கிவிடுகின்றன, பக்கத்து அணுவோடு தாராளமாகப் பகிரப்படுவதில்லை. பிணைப்பு பலவீனமாகிறது, உலோகம் சீக்கிரம் உருகிவிடுகிறது. சார்பியல் விளைவு இல்லாவிட்டால் பாதரசத்தின் உருகுநிலை இப்போது இருப்பதைவிட 100 டிகிரிக்கும் சற்று அதிகமாகக் கூடியிருக்கும் என்று 2013இல் வெளியான கணினிக் கணக்கு காட்டியது. அப்படியானால் அது நம் கையில் கட்டியாகத்தான் இருந்திருக்கும்.

கிரகத்துக்கும் ஐன்ஸ்டைனுக்கும் தொடர்பு உண்டு. புதனின் நீள்வட்டப் பாதை மெல்லத் திரும்பிக்கொண்டே போகிறது. அந்தத் திருப்பத்தில் ஒரு சிறு பகுதி நியூட்டனின் கணக்குக்குள் அடங்கவில்லை என்று 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்துவிட்டது. 1915இல் பொதுச் சார்பியல் கொள்கைதான் அந்தக் கணக்கைச் சரிக்கட்டியது. பெயரைத் தவிர இந்த இரண்டுக்கும் உண்மையான பொதுத்தன்மை ஒன்று உண்டென்றால், இரண்டையும் புரிந்துகொள்ளச் சார்பியல் தேவைப்பட்டது என்பதைத்தான் சொல்வேன்.

உள்ளங்கையில் உருட்டியவர்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?

இந்தக் கேள்வியை நிதானமாக எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்குச் சரியான பதில் தெரியாததால்தான் ஒரு சாரார் வீணாகப் பயப்படுகிறார்கள், இன்னொரு சாரார் பயப்பட வேண்டிய இடத்தில் அசட்டையாக இருக்கிறார்கள்.

திரவப் பாதரசம் நல்ல தோலின் வழியாக மிகக் குறைவாகவே உள்ளே போகும். வாயில் வைத்த தெர்மாமீட்டரைக் குழந்தை கடித்து விழுங்கிவிட்டால்கூட, குடல் அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உறிஞ்சுகிறது. மற்றது மலத்தோடு வெளியேறிவிடும். அந்த நேரத்தில் கண்ணாடித் துண்டைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். டாக்டரிடம் கட்டாயம் காட்ட வேண்டும் என்பது வேறு. ஆக, 'தொட்டாலே காலி' என்பது சரியில்லை.

ஆனால் பாதரசம் கொதிக்காமலேயே ஆவியாகும். சாதாரண அறை வெப்பத்தில், ஓசையில்லாமல், நிறமோ மணமோ இல்லாமல் அது காற்றில் கலந்துகொண்டே இருக்கும். அந்த ஆவியை மூச்சில் இழுத்தால் நுரையீரல் அதில் சுமார் 80 சதவீதத்தை ரத்தத்துக்குள் விட்டுவிடுகிறது. குடல் தடுத்த பொருளை நுரையீரல் தடுப்பதில்லை. பாதரசத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தத்தில் கலந்த பாதரச அணுவுக்கு மின்னேற்றம் இல்லை. அதனால் மூளையைச் சுற்றியுள்ள பாதுகாப்புச் சவ்வையும், கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியையும் அது எளிதில் தாண்டிவிடும். உள்ளே போனபின் உடம்பின் வேதிவினையில் எலெக்ட்ரான்களை இழந்து அயனியாகிறது. அயனி என்றால் மின்னேற்றம் பெற்ற அணு. அயனியான பிறகு வந்த வழியே திரும்ப முடியாது. புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு அவற்றின் வேலையைக் கெடுக்கிறது. கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல், ஞாபக மறதி, ஈறு வீக்கம் என்று அறிகுறிகள் மெதுவாக வருகின்றன. சிறுநீரகத்தில் அதிகமாகச் சேர்ந்து அதையும் பழுதாக்குகிறது. நடுக்கமும் மறதியும் வயசானால் வருவதுதானே என்று வீட்டில் விட்டுவிடுவார்கள், அதுதான் கொடுமை.

அளவைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு. உடம்புச் சூடு பார்க்கும் பழைய தெர்மாமீட்டரில் சுமார் ஒரு கிராம் பாதரசம் இருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், பத்தடி உயரம் என்றால், சுமார் 34 கன மீட்டர் காற்று. தொழிற்கூடக் காற்றுக்கு அமெரிக்காவில் பரிந்துரைக்கப்படும் வரம்பு, கன மீட்டருக்கு 0.025 மில்லிகிராம். பெருக்கிப் பாருங்கள்: ஒரு மில்லிகிராம்கூடத் தேவையில்லை. உடைந்த அந்த ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆவியானாலே மூடிய அறை அந்த வரம்பைத் தாண்டிவிடும். 20 டிகிரியில் காற்று அதிகபட்சமாகத் தாங்கக்கூடிய பாதரச ஆவி, கன மீட்டருக்கு ஏறக்குறைய 13 மில்லிகிராம். அந்த வரம்பைவிட 500 மடங்கு. நடைமுறையில் அவ்வளவு சேர்வது அரிது, ஆனால் வரம்பைத் தாண்ட அதில் கொஞ்சம் போதும்.

வகுப்பறையில் ஒரு நாள் ஒரு குண்டை உருட்டி விளையாடிவிட்டு வெளியே ஓடியவர் மூச்சில் இழுத்தது கொஞ்சம்தான். உடம்பும் அதைச் சில மாதங்களில் வெளியேற்றியிருக்கும். வருஷக்கணக்கில் தினம் எட்டு மணி நேரம் அந்தக் காற்றிலேயே நின்று கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்பியவரின் நிலைமை வேறு. உடையில் ஒட்டிய துளிகள் வீட்டுக்கும் கூடவே வரும். 'எங்களுக்கு என்ன ஆச்சு' என்று கேட்பவர் தன் ஒரு நாளை அந்தத் தொழிலாளியின் பல வருஷங்களோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

சுருக்கமாக: திரவமாகத் தொட்டால் ஆபத்து குறைவு, ஆவியாக மூச்சில் போனால் ஆபத்து அதிகம். எவ்வளவு, எத்தனை காலம் என்பது மீதியைத் தீர்மானிக்கிறது.

ஃபேக்டரியிலிருந்து எங்கே போனது

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் ஆலை 1980களின் முற்பகுதியில் கொடைக்கானலுக்கு வந்தது. பாம்பார் சோலைக்கு மேலே, மலைவிளிம்பில் அது நின்றது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதிப் பழைய இரும்புக் கடை ஒன்றில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடந்தது வெளியே தெரிந்தது. ஊர் மக்களும் முன்னாள் தொழிலாளர்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் திரண்டார்கள்; அந்த மாதமே ஆலை நின்றது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்படிக்கை 2016இல்தான் வந்தது. இத்தனை காலம் காத்திருக்க வைத்தது நியாயமே இல்லை என்பது என் கருத்து.

மண்ணில் சிந்திய பாதரசம் என்ன ஆகும்? ஒரு பங்கு மண்ணிலேயே தங்கும். ஒரு பங்கு மழையில் கரைந்தும் மண் துகளோடு ஒட்டியும் ஓடையில் இறங்கும். அந்தச் சரிவின் தண்ணீர் பாம்பாறு வழியாகக் கும்பக்கரை, பெரியகுளம் பக்கம் போகிறது. இன்னொரு பங்கு ஆவியாகிக் காற்றில் ஏறும். இந்த மூன்றாவது வழிக்கு நம் மரங்களே சாட்சி சொன்னன. சோலை மரங்களின் பட்டையில் சாம்பலும் பச்சையுமாகப் படர்ந்திருக்கும் கற்பாசிக்கும், ஈரப்பாறையில் மெத்தையாகக் கிடக்கும் பாசிக்கும் மண்ணிலிருந்து உறிஞ்சும் வேர் கிடையாது. காற்றும் மழையும் கொண்டு வருவதையே பெரும்பாலும் உண்டு வாழ்கின்றன. எனவே அவற்றில் இருக்கும் பாதரசம் காற்றில் வந்தது என்று நம்பலாம். விஞ்ஞானிகள் கொடைக்கானலின் பாசிகளைச் சோதித்தபோது அவற்றில் பாதரசம் இருந்தது.

ஏரி மீனைப் பற்றி

"ஏன் தம்பி, ஏரி மீனு வாங்கலாமா, கூடாதா? ஒருத்தன் ஒண்ணு சொல்றான்" என்று மார்க்கெட்டில் ஒரு பெரியம்மா என்னைக் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

காற்றிலும் ஓடையிலும் வந்த பாதரசம் ஏரியின் அடியில் சேற்றில் படிகிறது. ஆக்சிஜன் இல்லாத அந்தச் சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அதாவது பாதரச அணுவோடு ஒரு கார்பன் தொகுதி சேர்ந்துகொண்ட வடிவம். இந்த வடிவத்தைக் குடல் தடுப்பதில்லை. கிட்டத்தட்ட முழுவதையும் உள்ளே விட்டுவிடும். நுண்ணுயிரை உண்ணும் பூச்சி, பூச்சியை உண்ணும் சிறு மீன், சிறு மீனை உண்ணும் பெரிய மீன் என்று ஒவ்வொரு படியிலும் அது செறிந்துகொண்டே போகிறது. தண்ணீரில் இருப்பதைவிட லட்சக்கணக்கான மடங்கு பெரிய மீனின் சதையில் இருக்கலாம். மீனைக் கழுவினாலும் மஞ்சளும் புளியும் போட்டு வேகவைத்தாலும் போகாது, ஏனென்றால் அது சதையின் புரதத்தோடு பிணைந்திருக்கிறது.

இதன் கோர முகத்தை உலகம் 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் பார்த்தது. ஆலைக் கழிவில் வந்த மெத்தில் பாதரசம் வளைகுடா மீனில் சேர்ந்தது. அந்த மீனைத் தின்று மீனவக் குடும்பங்கள் கை கால் இழுத்துப் படுத்தன. தாய்க்கு அதிகம் தெரியாமலேயே கருவிலிருந்த குழந்தைகள் பாதிக்கப்பட்டன. அந்த ஊரின் பெயரால்தான் பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் 2013இல் உருவானது. இந்தியா 2018இல் அதை ஏற்று உறுதிசெய்தது.

கொடை ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருப்பது 2006இல் வெளியான ஆய்வில் பதிவாகியிருக்கிறது. அதனால் பெரியம்மாவிடம் சொன்னேன்: வீட்டில் கர்ப்பிணியோ பால் கொடுக்கும் தாயோ சின்னப் பிள்ளையோ இருந்தால் இந்த ஏரி மீன் வேண்டாம். வத்தலக்குண்டு வழியாக வரும் கடல் மீனில் மத்தி, நெத்திலி மாதிரி சின்ன மீன் நல்லது. சுறா, பெரிய சூரை போன்ற வேட்டை மீன்கள் எந்தக் கடலிலிருந்து வந்தாலும் அவர்களுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டியவை. ஏரியில் படகு விடுவதாலோ கரையில் நடப்பதாலோ ஒன்றும் ஆகாது.

சோதனை செய்துகொள்ள நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: ஆவியாக உள்ளே போன பாதரசத்தைச் சிறுநீரில் பார்ப்பார்கள். மீன் வழியாகப் போன மெத்தில் பாதரசத்தை ரத்தத்திலும் தலைமுடியிலும் பார்ப்பார்கள். மாற்றிச் சோதித்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று ஆறுதலடைய வேண்டாம்.

ரசமும் வீரமும் லிங்கமும்

பழநி மலை என்றாலே நவபாஷாணம், அதாவது ஒன்பது பாஷாணங்களின் கலவை, நினைவுக்கு வரும். தண்டாயுதபாணி திருமேனியைப் போகர் நவபாஷாணத்தால் செய்தார் என்பது மரபு. சித்த மருத்துவம் பாதரசத்தின் பல வடிவங்களை வேறு வேறு பெயரில் பிரித்து வைத்திருக்கிறது. சாதிலிங்கம் கந்தகத்தோடு சேர்ந்த சிவப்பு வடிவம். தண்ணீரில் ஏறக்குறைய கரையாது. வீரம் குளோரினோடு சேர்ந்த வடிவம்; நன்றாகக் கரையும், கொடிய விஷம். பூரமும் குளோரின் சேர்ந்ததுதான், கரைவது மிகக் குறைவு. ஒரே உலோகம், ஆனால் எதோடு சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து விஷத்தின் வேகம் மாறுகிறது என்பதை அந்தப் பெயர்களே காட்டுகின்றன.

அந்த மரபைச் சொல்லி, பாதரசத்தைக் கட்டியாக்கிச் செய்தது என்று கடைத்தெருவில் விற்கும் ரசமணியும் ரசலிங்கமும் வேறு கதை. சுத்தமான பாதரசம் நம் ஊர் வெப்பத்தில் கட்டியாக நிற்காது. கட்டியாக இருந்தால் அதோடு வேறேதோ சேர்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் வேறு உலோகத்தைக் கரைத்த ரசக்கலவை. அதிலிருந்தும் ஆவி வரக்கூடும். பாலில் போட்டுக் குடிப்பது, குழந்தையின் கழுத்தில் கட்டுவது இரண்டையும் தவிர்த்துவிடுங்கள் என்றே நான் சொல்வேன்.

வீட்டில் தெர்மாமீட்டர் உடைந்தால்

மலையில் நாம் குளிருக்குச் சன்னலை அடைத்து, தரையில் கம்பளம் விரித்து, ஹீட்டரும் போட்டுக்கொண்டு உட்காருகிறோம். பாதரச ஆவி சேர இதைவிடத் தோதான இடம் கிடையாது. அதனால் முதல் வேலை, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, ஹீட்டரை அணைத்து, வெளிப்பக்கச் சன்னலைத் திறப்பது. உள் கதவைச் சாத்திவிட வேண்டும். கையில் தங்க மோதிரம், வளையல் இருந்தால் கழற்றிவிடுங்கள். பாதரசம் தங்கத்தில் ஒட்டிக் கரைத்துவிடும்.

துடைப்பத்தால் கூட்டக் கூடாது. ஒரு குண்டு நூறு குண்டாகச் சிதறும், சிதறச் சிதற ஆவியாகும் பரப்பு கூடும். வேக்குவம் கிளீனர் அதைவிட மோசம், ஆவியை அறை முழுக்க ஊதிவிடும். கையுறை போட்டுக்கொண்டு, இரண்டு கெட்டி அட்டைகளால் குண்டுகளை மெல்ல ஒன்றாகத் தள்ளி, மருந்துச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி, மூடி இறுக்கமான கண்ணாடிப் பாட்டிலில் விடுங்கள். பொடித் துளிகளைப் பிளாஸ்டர் டேப்பால் ஒற்றி எடுக்கலாம். டார்ச்சைத் தரையோடு சாய்த்து அடித்தால் தப்பிய துளிகள் மின்னும். கம்பளத்தில் விழுந்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிடுவதே மேல், துவைக்கப் பார்க்காதீர்கள். எடுத்ததையெல்லாம் சேர்த்து மூடிக் கட்டி, பெயர் எழுதி, வீட்டுக்கு வெளியே பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, ஆபத்தான கழிவை வாங்குபவர்களிடம் தர வேண்டும். சிங்கிலோ கழிப்பறையிலோ ஊற்றினால் அது ஓடையில்தான் போய்ச் சேரும். குப்பையோடு எரித்தால் மொத்தமும் காற்றில் போகும்.

எல்லாம் முடிந்தபிறகும் ஒரு நாளாவது சன்னல் திறந்தே இருக்கட்டும். அன்று ராத்திரி வேறு அறையில் படுத்துக்கொள்ளுங்கள். அடுத்த தெர்மாமீட்டரை டிஜிட்டலாக வாங்கிவிடுங்கள்.